அணைந்த அடுப்பும் ஆறாத நாவும்

உக்கடத்தில் பேருந்தை விட்டிறங்கி ஆத்துப்பாலம் நோக்கி நடப்போரின் தலைக்கு மேலே இன்று மேம்பாலம் ஓடுகின்றது. 2018இல் தொடங்கிய அதன் பணி 2024 ஆகஸ்டில் நிறைவுற்றுப் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. பாலம் வேண்டியதுதான். பாலக்காட்டு வண்டியும் பொள்ளாச்சி வண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற காலத்தை அறிந்தவர் எவரும் அதனைக் குறை கூறார். எனினும் அத்தூண்களின் நிழலில் நடக்கும்போதெல்லாம், இங்கேதானே அந்தப் புரோட்டாக் கடை இருந்தது என்று நம் கால்கள் ஒரு கணம் தயங்கி நிற்கின்றன.

கடையை மூடியது பாலமன்று. பாலத்திற்குக் கடைக்கால் தோண்டுமுன்னரே கடைக்காரர் மறைந்துவிட்டார். ஆண்மக்கள் இருவரும் வளைகுடா நாடுகளில். அடுப்படிக்கு ஆள் கிடைக்கவில்லை. வாடகையோ ஏறிக்கொண்டே போயிற்று. பெயர்ப்பலகைகூட இல்லாத கடை அது. ‘பாய் கடை’ என்றால் போதும், ஊருக்கே தெரியும். உக்கடத்தில் அப்பெயருக்குரிய கடைகள் பத்துப் பதினைந்து இருந்தபோதிலும், யார் எதைக் குறிக்கின்றார் என்பதில் ஒருநாளும் குழப்பம் நேர்ந்ததில்லை.

அக்கடை மூடிய சில வாரங்களில் நாம் ஒரு கட்டுரை எழுதினோம். நண்பர்கள் வெளியிட்ட ஆண்டு மலரொன்றில் அது வந்தது. படித்தவர்கள் பாராட்டினார்கள், சிலர் கண் கலங்கியதாகவும் கூறினார்கள். அண்மையில் பழைய தாள்களைப் புரட்டுகையில் அக்கட்டுரை கையில் அகப்பட்டது. அமர்ந்து படித்தோம். படித்து முடித்தபோது நமக்கு ஏற்பட்டது நாணம். அந்த நாணத்திற்குக் காரணம் யாதென்று ஆராய்வதே இவ்வெழுத்தின் நோக்கம். பிறர் எழுத்தை விமரிசிக்கப் புகுமுன் தம் எழுத்தைக் கூண்டில் நிறுத்துவது நன்முறை என்பதால், முதற் குற்றவாளியாக நம்மையே நிறுத்திக்கொள்கின்றோம்.

அக்கட்டுரையில் இருந்தவை யாவை? சால்னாவின் மணம் இருந்தது. கொத்துப் புரோட்டாவின்போது கல்லின்மேல் இரும்புத் தகடுகள் எழுப்பும் தாளம் இருந்தது. கலக்கியை வாங்கி வாயிலிட்டதும் அது கரைந்த விதம் இருந்தது. கல்லாவில் அமர்ந்திருந்த பெரியவரின் புன்னகை இருந்தது. ‘துறுதுறுவென்று’ மேசை துடைத்த சிறுவன் ஒருவன் இருந்தான். இறுதியில், அந்த நாட்கள் இனி வாரா என்னும் பெருமூச்சு இருந்தது. இவ்வளவே. இந்த ஆறு உறுப்புகளையும் வைத்துக்கொண்டு ஊரின் பெயரையும் கடையின் பெயரையும் மாற்றினால், மூடப்பட்ட எந்த உணவு விடுதிக்கும் பொருந்தக்கூடிய இரங்கற்கட்டுரை ஆயத்தமாகிவிடும். அச்சடித்த திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயரை மட்டும் மாற்றுவதைப் போன்றதே இது.

இத்தகைய எழுத்துக்குத் தமிழகத்தில் மிகப் பெரிய வாய்ப்பாக அமைந்தது, சென்னை கதீட்ரல் சாலையிலிருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் விடுதி 2008இல் மூடப்பட்ட நிகழ்ச்சி. அது பெருநகரத்து விடுதி. நம் உக்கடத்துக் கடையோ பெஞ்சு நான்கு கொண்டது. ஆயினும் அந்த இரங்கல்களுக்கும் நம் இரங்கலுக்கும் வேறுபாடு காண்பதரிது. 1962இல் தொடங்கப்பெற்ற அவ்விடுதியில் காரை விட்டு இறங்காமலே, கதவில் தட்டை மாட்டிச் சிற்றுண்டி அருந்தலாம். மர நிழலில் ஒரு குவளை காப்பியுடன் நாள் முழுதும் அமர்ந்திருக்கலாம். மாணவர்களும், விற்பனைப் பிரதிநிதிகளும், திரைப்படத்துறையினரும், காதலர்களும் அவ்வாறே அமர்ந்திருந்தார்கள். நிலம் மீண்டும் அரசின் கைக்குச் சென்றது. 2010 நவம்பரில் அங்கே செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.

அவ்விடுதியைப் பற்றி எழுதப்பட்டவற்றில் நாம் படித்தவை பல. அவற்றுள் நயமானவை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவை அனைத்தும் மேசையின் ஒரே பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. எழுதியவர் உண்டார், உரையாடினார், காதலித்தார், எழுந்து சென்றார். தட்டை ஏந்தி வந்து கார்க் கதவில் மாட்டியவர் மாலையில் எங்கே சென்றார், கதவடைத்த மறுநாள் எங்கே வேலை தேடினார் என்பதைக் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. இதில் ஒரு முரண்நகை உண்டு. அந்நிறுவனத்தின் தலைவர் கே. கிருஷ்ண ராவ் செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். உடுப்பிப் பகுதியிலிருந்து வந்து, அடுக்களை எடுபிடியாக வாழ்வைத் தொடங்கி, 1938இல் சென்னை இராயப்பேட்டையில் முதல் உட்லண்ட்ஸை நிறுவியவர். அடுப்படியிலிருந்து எழுந்த ஒரு வரலாறு, எழுத்தில் வரும்போது வாடிக்கையாளரின் இளமை வரலாறாக மட்டும் சுருங்கிவிட்டது!

வங்காளத்தில் இக்குறைக்கு இசையமைத்தே பாடிவிட்டார்கள். கல்கத்தா காலேஜ் தெருக் காப்பி விடுதியின் அரட்டையை நினைந்து மன்னா தே 1983இல் பாடிய பாடல் அங்கே பாமரரும் அறிந்தது. ஏழு நண்பர்கள் ஒரே மேசையில் கூடியிருந்தனர். இன்று ஒருவர் பாரிசில், ஒருவர் டாக்காவில், ஒருவர் கல்லறையில். நிகிலேஷும் மொய்துலும் டிசோசாவும் ஒரே மேசையில் அமர்ந்திருந்தார்கள் என்று கேட்கும்போது நம் நெஞ்சு நெகிழத்தான் செய்கின்றது. அந்த நெகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காப்பி விடுதி மறைந்துவிடவில்லை, இன்றும் நடக்கின்றது. ஆகவே பாடல் புலம்புவது விடுதிக்காக அன்று, கலைந்துபோன தோழமைக்காக. விடுதி ஓர் அரங்கு மாத்திரமே. நண்பர்களுக்குப் பெயருண்டு. காப்பி கொண்டுவந்தவருக்கு இல்லை. அது பாட்டு, பாட்டிலே பேரேடு எழுத முடியாதென்று விட்டுவிடலாம். உரைநடைக்கு அந்தச் சலுகை இல்லை என்பதே நம் கட்சி.

மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுத முடியுமா என்று வினவுவோர்க்கு விடை தொலைவில் இல்லை. உக்கடத்தில் பேருந்தேறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாலக்காடு. அங்கேயுள்ள இந்தியன் காப்பி ஹவுஸில், விசிறித் தலைப்பாகை அணிந்த பரிசாரகர் இன்றும் காப்பி தருவார். (மசாலா தோசைக்குள் பீட்ரூட்டை வைப்பார்கள். கொங்கு நாட்டு நாவுக்கு அது ஒவ்வாது. அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.) காப்பி வாரியம் தன் விடுதிகளை மூடித் தொழிலாளரை வெளியேற்றியபோது, ஏ.கே. கோபாலனின் துணையுடன் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தம் கையிலெடுத்தனர். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் அவ்விடுதிகள் பிறந்தன. அவ்வாறு வேலையிழந்து, பின் கேரளத்தில் அவ்வியக்கத்தைக் கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் என்.எஸ். பரமேசுவரன் பிள்ளை. காப்பி ஹவுஸின் கதையை அவரே மலையாளத்தில் நூலாக எழுதினார். அந்நூலில் காப்பியின் மணம் மிகுதியில்லை. வேலைநீக்க ஆணையும் சங்கக் கூட்டமும் பங்குத்தொகையும் உண்டு. 2009இல் பெங்களூரு மகாத்மா காந்தி சாலைக் காப்பி ஹவுஸ் மூடப்பட்டபோது செய்தித்தாள்கள் வழக்கம்போல் இரங்கின. இரங்கற்கட்டுரையின் மை காயுமுன் தொழிலாளர்களோ சர்ச் தெருவில் வேறோர் இடம் பிடித்துக் கடையைத் திறந்துவிட்டனர்! புலம்பல் எவருடையது, பிழைப்பு எவருடையது என்பதை விளக்க இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இரங்கற்கட்டுரைகள் மறக்கும் மற்றொன்று வாசற்படி. உணவு விடுதி எல்லோர்க்கும் பொதுவான இடம், அங்கே ஊரே கூடிற்று என்று எழுதுகின்றோமே, அந்த ‘ஊர்’ யார்? சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே என்னும் விடுதியின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரி 1957இல் பெரியார் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு கழிந்த பின்னர் நிகழ்ந்தது இது. பல நூறு பேர் சிறை சென்றனர். காப்பி நடுத்தர வகுப்பாரின் அடையாளமாகவும் தேநீர் உழைப்பாளரின் பானமாகவும் பிரிந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ என்னும் தம் நூலில் (2000) ஆராய்ந்திருக்கின்றார். அந்நூலைப் படித்தபின், பழைய காப்பிக் கிளப்பைப் பற்றிய எந்த இனிய நினைவையும் முன்போல் எளிதாக விழுங்க முடிவதில்லை.

இவ்விடத்தில் நம் வாசகர்கள் நிமிர்ந்து அமர்வார்கள் என்பதை அறிவோம். “நம் கடைகளில் அந்த வேற்றுமை இல்லையே!” என்பார்கள். உண்மைதான். உக்கடத்துப் புரோட்டாக் கடையில் எவரும் எவரையும் குலம் கேட்டதில்லை. மீன் சந்தைக் கூலியாளும், மலையாளத்து லாரி ஓட்டுநரும், ஆலையில் இரவுப்பணி முடித்து வந்தவரும், துப்புரவுத் தொழிலாளியும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு அமர்ந்தார்கள். ஒரே குவளையில் தண்ணீர் குடித்தார்கள். தம் வீட்டில் சொல்ல முடியாத இறைச்சியை இங்கே நிம்மதியாக உண்டு, கை கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு சென்றவர்களையும் நாம் அறிவோம். இதற்காகப் பெருமை கொள்ளலாம்.

ஆனால் நம் வாசற்படியையும் குனிந்து பார்க்க வேண்டாமா? நம் அன்னையர் ஒருநாளேனும் அந்தப் பெஞ்சில் அமர்ந்ததுண்டா? ஒரு மூலையில் திரைகட்டி ‘குடும்ப அறை’ என்று எழுதிய கடைகள் பிற்காலத்தில் வந்தன. அதற்கு முன்னர் பெண்களுக்குக் கடை என்பது பொட்டலமே. தூக்குப் பாத்திரத்தில் சால்னாவும், வாழையிலைத் துண்டின்மேல் அடுக்கிச் செய்தித்தாளில் மடித்து, உத்தரத்தில் தொங்கும் நூல்கண்டிலிருந்து இழுத்த நூலால் நான்கு சுற்றுச் சுற்றிய புரோட்டாவும் வீடு வந்து சேரும். இலை வாடிய மணமும் அச்சு மையின் மணமும் கலந்த அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, பிள்ளைகளுக்குப் பங்கிட்டு, நொறுங்கிய அடிப்புரோட்டாவைச் சால்னாவின் அடிமண்டியில் தோய்த்துத் தாம் உண்பார்கள். நம் தாயார் அந்தக் கடையின் சுவையை நம்மினும் நுட்பமாக அறிந்திருந்தார். இன்று பட்டை மிகுந்துவிட்டது, இன்று தேங்காய் முற்றல் என்று தவறாது சொல்லிவிடுவார். ஆனால் கடையின் முகத்தைப் பார்த்தவரல்லர். நாற்பதாண்டுக்காலம் ஒரு கடையை நாவால் மட்டுமே அறிந்த பெண்ணின் நினைவு, இரங்கற்கட்டுரை எதிலும் இடம்பெற்றதுண்டா? நம் கட்டுரையில் இல்லை. முஸ்லிம் பெண்களின் அகவீட்டு வாழ்வை ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) சல்மா திறந்து காட்டிய பின்னரும், தெருவின் நினைவை எழுத ஆண்கள் மட்டுமே பேனா எடுப்பது நம் எழுத்தின் குறையாகவே நீடிக்கின்றது.

புனைகதையில் இதைவிடச் சிறந்த முயற்சி நிகழ்ந்திருக்கின்றதா என்று தேடினால், முதலில் நிற்பது ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’. ‘அறம்’ தொகுப்பில் (2011) உள்ள சிறுகதை. திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் கெத்தேல் சாகிபு நடத்தும் சாப்பாட்டுக் கடை. விலை கிடையாது. விரும்பியதை உண்டியலில் இடலாம், இடாமலும் போகலாம். பசித்த ஏழை மாணவன் ஒருவன் ஆண்டுக்கணக்கில் அங்கே உண்டு வளர்ந்து, வேலை கிடைத்தபின் பெருந்தொகையைக் கொண்டுபோய் உண்டியலில் கொட்டுகின்றான். சாகிபு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வழக்கம்போல் சோறு பரிமாறுகின்றார்.

இக்கதையைக் கண்ணீரின்றிப் படிப்பது கடினம். தமிழ்ப் புனைகதையில் ஒரு முஸ்லிம் உணவுக் கடைக்காரருக்குக் கிடைத்த மிக உயர்ந்த சித்திரம் இதுவே என்று கூறின் மிகையாகாது. அதன் வலிமை சாகிபின் கொடையில் இல்லை, உண்பவனின் கூச்சத்தில் இருக்கின்றது. உண்ட சோறு கடனா, அன்பா என்று அவன் நெஞ்சு கிடந்து உழல்கின்றதே, அந்த உழற்சியே கதை. அளந்து போட்டு அவனை வருத்திய மாமியின் சோற்றையும் அவன் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமிடத்தில் கதை அறத்தின் உயரத்தை எய்துகின்றது. நாம் மேலே குறித்த இரங்கற்கட்டுரையாளர் எவருக்கும் வாய்க்காத கூச்சம் அது.

ஆயினும் நமக்கு ஒரு குறை தோன்றுகின்றது. கெத்தேல் சாகிபு அவ்வளவு உயரத்தில் நிற்கின்றார். அவர் முகத்தை நாம் அண்ணாந்து பார்க்கத்தான் முடிகின்றது. அரிசிக்கடைக்காரனுக்கு அவர் என்ன பதில் சொன்னார்? மீன் விலை ஏறிய நாளில் அவர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது? வள்ளலாக்கப்பட்ட மனிதரிடம் இத்தகைய வினாக்களைக் கேட்க முடியாமற் போய்விடுகின்றது. நம் சமுதாயத்துக்கு வெளியேயிருந்து ஓர் எழுத்தாளர் மதிப்புடன் பார்க்கும்போது அவ்வுயரம் இயல்பாக நேர்வதே. அதற்காக அவரைக் குறைசொல்லுதல் நன்றியின்மை. உள்ளேயிருந்த நாமன்றோ அரிசிக்கடைப் பாக்கியை எழுதியிருக்க வேண்டும்? கடை வைத்தவரின் மக்களும் பேரர்களுமாகிய நம்மில் எத்தனை பேர் அதைச் செய்தோம்?

உள்ளேயிருந்து எழுதினால் எழுத்து எப்படியிருக்கும் என்பதற்குத் தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ ஒரு சான்று. 1997ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல். அது உணவு விடுதியைப் பற்றியதன்று. எனினும் பழமையேக்கம் என்னும் நோயை அதைப்போல் அறுத்துக்காட்டிய தமிழ் நாவல் வேறில்லை என்பது நம் துணிபு. முன்னோர் பெருமையை மென்றுகொண்டு சாய்வு நாற்காலியில் கிடக்கும் முஸ்தபாக்கண்ணு, நல்ல சாப்பாட்டுக்காக வீட்டுத் தட்டுமுட்டுகளை ஒவ்வொன்றாக விற்கின்றார். ஒருபுறம் பழம்பெருமை, மறுபுறம் நாச்சுவை. நடுவில் அடிபடுபவள் மனைவி. ஆசிரியர் தம் பாத்திரத்தை வெறுக்கவுமில்லை, போற்றவுமில்லை. அந்த நாற்காலியில் நாமும் சில மாலைகள் சாய்ந்து கிடந்திருக்கின்றோம் என்னும் உணர்வு, நம் பழைய கட்டுரையைப் படிக்கையில் எழுந்தது.

அக்கட்டுரையில் வந்த ‘துறுதுறு’ச் சிறுவனைப் பற்றி இனிச் சொல்லியாக வேண்டும். இரங்கற்கட்டுரைகளில் இச்சிறுவன் தவறாது வருவான். தோளில் அழுக்குத் துணி, கையில் வாளி, வாயில் திரைப்பாட்டு. பேர் சொல்லி அழைத்தால் ஓடிவருவான். அவனை எழுதும்போது எழுத்தாளரின் நடை கொஞ்சும் நடையாகிவிடுகின்றது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. தேநீர்க் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாதென்னும் தடை 2006 அக்டோபர் 10 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நாம் கொஞ்சி எழுதிய அச்சிறுவர்கள் அனைவரும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள். அது நம் கண்ணில் படவேயில்லை. அவன் துடைத்த மேசையின் பளபளப்பே பட்டது.

அந்தச் சிறுவரில் ஒருவரைச் சென்ற ஆண்டு தற்செயலாகச் சந்தித்தோம். பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். இப்போது ஐம்பதைக் கடந்தவர், சொந்தமாகச் சரக்கு வேன் ஓட்டுகின்றார். அடையாளம் கண்டு அவரே வந்து பேசினார். கடையை மறக்கவே முடியவில்லை என்று நாம் ஆர்வத்துடன் தொடங்கினோம். அவர் சிரித்துக்கொண்டார்.

“உங்களுக்கு அந்தக் கடைன்னா சால்னா வாசம் நெனப்பு வருமுங்க பாய். எனக்கு மார்கழி மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு அண்டா கழுவுன தண்ணி நெனப்புதானுங்க வருது” என்றார்.

பிறகு, நாம் வருந்திவிடக்கூடாது என்று நினைத்தவர்போல், “பெரியவர் ஒரு நாளும் கை நீட்டுனதில்லைங்க. பெருநாளைக்கு ரெண்டு சட்டை எடுத்துக் குடுப்பாரு” என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் உண்மை. தண்ணீரின் குளிர்ச்சியை விட்டுவிட்டுச் சட்டையை மட்டும் எழுதுவது எவ்வளவு பொய்யோ, சட்டையை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் எழுதுவதும் அவ்வளவு பொய்யே.

அவரிடமிருந்தே பெரியவரின் மகள் குடியிருக்கும் முகவரி கிடைத்தது. சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்னர் கரும்புக்கடைப் பக்கம் அவர்கள் இல்லத்துக்குச் சென்றோம். பழைய கட்டுரையின் படியொன்றையும் எடுத்துச் சென்றிருந்தோம். அம்மையார் அதை நின்றபடியே படித்தார்.

“சால்னா மணத்தைப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்த மசாலா எங்க அம்மா அரைச்சது. அம்மாவுக்கு அப்புறம் நான். தினம் விடியக்காலம் மூணு மணிக்கு. கடை எப்படியிருக்கும்னு அம்மா பார்த்ததே இல்லைங்க” என்றார்.

நம் தாயார் பொட்டலத்தின் வழியே அறிந்த கடையை, அவர் தாயார் அம்மியின் வழியே அறிந்திருந்தார். ஒரே ஊரில், நடந்துபோகும் தொலைவில், ஒருவரையொருவர் பார்த்திராத இரு பெண்களுக்கிடையே நாற்பதாண்டு நடந்த பரிமாற்றம் அது. நாம் எழுதியதோ நடுவிலிருந்த பெஞ்சை மட்டும்.

அம்மையார் உள்ளே சென்று ஒரு நீண்ட பேரேட்டைக் கொண்டுவந்தார். கடையின் பற்று நோட்டு. அட்டை எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. உள்ளே பெரியவரின் கோணல் கையெழுத்து. ஆட்களின் பெயர்கள் அதில் இல்லை. அவர் வைத்த அடையாளங்களே இருந்தன. ‘கண்டக்டர்’, ‘பூக்கடை’, ‘ரேடியோ’, ‘மில் நைட் சிப்டு’, ‘வாத்தியார்’, ‘செருப்புக்கடைத் தம்பி’. எவர் எந்தச் சமயத்தவர் என்று அந்தக் கையெழுத்திலிருந்து கண்டுபிடிக்க இயலாது. நாள்தோறும் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய். சம்பள நாளன்று ஒரு குறுக்குக் கோடு.

1997 நவம்பர் இறுதியில் கோடுகள் நின்றுவிடுகின்றன. அந்த மாதம் 29ஆம் நாள் உக்கடத்தில் பணியிலிருந்த போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து மூண்ட வன்செயல்களில் முஸ்லிம்கள் 18 பேர் உயிரிழந்தனர். நடைபாதைக் கடைகள் எரிந்தன. 1998 பிப்ரவரி 14இல் நகரெங்கும் வெடித்த குண்டுகளுக்கு 58 பேர் பலியாயினர். இந்நிகழ்ச்சிகளை ஆராய இது இடமன்று. வாசகர்கள் அவற்றை அறிவார்கள், பலர் தம் வீட்டிலேயே அறிந்தவர்கள். நாம் சொல்ல வந்தது அந்தப் பேரேட்டைப் பற்றி. சில பக்கங்கள் வெற்றுத் தாளாகச் செல்கின்றன. பின்னர் மீண்டும் கையெழுத்து தொடங்குகின்றது. ‘கண்டக்டர்’ இருக்கின்றார். ‘வாத்தியார்’ இருக்கின்றார். ‘பூக்கடை’ இல்லை. ‘ரேடியோ’ இல்லை. ‘மில் நைட் சிப்டு’ இல்லை. அவர்கள் பெயருக்கு நேரே நின்ற பாக்கிகள் அடிக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன.

‘ஊரே கூடியிருந்த கடை’ என்று நம் கட்டுரையில் எழுதியிருந்தோம். எந்த ஆண்டு வரை என்று எழுதவில்லை. கடை மூடப்பட்டதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தப் பெஞ்சில் பாதி மூடப்பட்டுவிட்டது. எஞ்சிய பாதியில் நாம் தொடர்ந்து அமர்ந்து உண்டோம்; பக்கத்து இடம் காலியானது நம் நாவுக்குத் தெரியவில்லை. அங்கே வந்துகொண்டிருந்த ‘பூக்கடை’ அச்சத்தால் நின்றாரா, சினத்தால் நின்றாரா, வீட்டார் தடுத்தார்களா, அன்றி வேறோர் ஊருக்கே சென்றுவிட்டாரா, நாம் கேட்கவில்லை. பெரியவர் கேட்டிருக்கக்கூடும். பாக்கியை அடிக்காமல் வைத்திருந்ததற்கு, வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்னும் வணிகக் கணக்கு காரணமாயிருக்கலாம். வருவார் என்னும் எண்ணமும் காரணமாயிருக்கலாம். இந்த ஐயத்தை அப்படியே எழுதியிருந்தால் நம் கட்டுரை இலக்கியத்தின் வாசலையாவது தொட்டிருக்கும்.

பேரேட்டைப் புரட்டிக்கொண்டே வந்தபோது ஒரு பக்கத்தில் ‘பத்திரிகை’ என்றிருந்தது. கீழே நாற்பத்தாறு ரூபாய். கோடு இல்லை. அக்கடைக்கு வந்துபோன பத்திரிகைக்காரர் நாம் ஒருவரே. நினைவில் எள்ளளவும் இல்லாத பாக்கி. பையிலிருந்து ஐம்பது ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினோம். வேண்டாமென்று மறுப்பார், நாம் வற்புறுத்துவோம், பின் இருவரும் கண்கலங்குவோம் என்றுதான் நம் எழுத்தாள மனம் அந்த நொடியிலும் காட்சி அமைத்துக்கொண்டது.

“அத்தா இருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்க. நான் வாங்கிக்கிறேன்” என்றார் அம்மையார்.

உள்ளே சென்று நான்கு ரூபாய்ச் சில்லறையைக் கொண்டுவந்து நம் கையில் வைத்தார். பின்னர் பேனாவை எடுத்து, ‘பத்திரிகை’யின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டுப் பேரேட்டை மூடினார்.